மூன்று போர்க்கிணறு உயரம்

சிங்கப்பூரில் மலை கிடையாது. ஒரு மேடு இருக்கிறது. மரியாதைக்காக அதற்கு மலை என்று பேர் வைத்திருக்கிறோம். அரை மணி நேரத்தில் ஏறி இறங்கி, பக்கத்து உணவங்காடியில் சூடாகப் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அதனால் நிஜமான மலை ஏற ஆசைப்படுகிறவர்கள் எங்கள் ஊரில் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டில்தான் பழகுவார்கள். நானும் பழகினேன். நாற்பது மாடி ஏறுவது, லிஃப்டில் இறங்குவது, மறுபடியும் நாற்பது மாடி. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் ஒருநாள் என்னைப் படிக்கட்டில் பார்த்துப் பதறிப்போய், "லிஃப்ட் நின்னுபோச்சா?" என்று கேட்டார். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். முப்பது வருஷமாக ஊரையே மேலே ஏற்றி இறக்கியவன். நன்றாகத்தான் ஓடுகிறது என்றேன். அவர் நம்பவில்லை.

படியேறியதற்குக் காரணம் என் மகள் கயல். மலேசியாவில் கினபாலு மலை ஏறப்போகும் ஒரு குழுவில் சேர்ந்திருந்தாள். ஒரு காலை, காப்பியைக் கலக்கிக்கொண்டே, "நீயும் வாயேன்ப்பா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் என்னிடம் எதையும் கேட்டு வருஷக்கணக்காகிறது. லிஃப்ட்டுகள் நாள் பார்த்துத்தான் நிற்கும். தீபாவளி, ஞாயிறு, பள்ளி ஆண்டுவிழா. அவள் போன் செய்து "எங்கப்பா இருக்க?" என்று கேட்கும்போதெல்லாம், "பக்கத்துலதான் இருக்கேன், இதோ வந்துட்டேன்" என்பேன். தீவின் மறு கோடியில் ஒரு லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டுதான் அதைச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு வயதுக்குமேல் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது இருபத்தாறு வயதில், தானாக வந்து ஒன்று கேட்டிருக்கிறாள். எப்படி மாட்டேன் என்பது?

குழுவின் தலைவி திருமதி டான் கறாரான பெண்மணி. ஐம்பது வயது தாண்டியவர்கள் முதலில் தங்களை நிரூபிக்க வேண்டும் என்றார். ஒரே நாளில், எட்டு மணி நேரத்துக்குள், தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம். கைக்கடிகாரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒரே மலையா, பல மலையா என்பது அவருக்குப் பொருட்டில்லை. இறங்கியது கணக்கில் வராது, ஏறியது மட்டும் வரும். அடுக்குமாடி செல்லாது. வெள்ளிக்கிழமைக்குள் பதிவு வராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் உள்ள அடுத்த ஆளுக்கு என் இடம் போய்விடும்.

தொள்ளாயிரம் மீட்டர் என்றால் முந்நூறு மாடி. என் மூளை மாடிக் கணக்கில்தான் ஓடும்.

அந்த வாரம் பார்த்துத்தான் கம்பெனி என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது. லிஃப்டுக்கு எதிர் எடையாக ஏறி இறங்குமே, அந்த இரும்புக் கட்டைகளைச் சூலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வார்க்கக் கொடுத்திருந்தார்கள். நான் வந்து எடை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மேற்கே மலைகள் வரிசையாக நிற்கிற ஊர். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டு விமானத்தை விட்டு இறங்கினேன்.

பட்டறை முதலாளி சென்னியப்பன். என் வயதுதான் இருக்கும். போர்க்கிணற்றுக்குள் இறக்குகிற பம்பு செய்வது அவர் தொழில். எங்கள் கட்டைகள் உபரி வேலை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அளவு டேப்பு வைத்திருப்பார், தோளில் ஒரு பச்சைத் துண்டு. நான் தங்கியிருந்த விடுதிக்கு முதல் நாளே வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

"ஊடு இருக்கறப்ப லாட்ஜுல தங்குவாங்களாங்க? எங்கூட்டம்மா என்னைய உள்ள உடமாட்டாங்க."

அவர் வீட்டம்மா மரகதம் என்னை "வாங்கண்ணா" என்று வரவேற்று, ஐந்து நிமிஷத்தில் இலை போட்டார். அரிசியும் பருப்பும் ஒன்றாக வெந்த சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். பெயரே அரிசிம்பருப்புதான். இதைவிடச் சிக்கனமாகவும் நேர்மையாகவும் ஒரு சாப்பாட்டுக்குப் பெயர் வைக்க முடியாது. எங்கள் உணவங்காடியில் எண்பது கடைகள் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் இப்படிக் கண்ணை மூடத் தோன்றிய ஒரு தட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

சாப்பாட்டின்போதே விஷயத்தைச் சொன்னேன். சென்னியப்பன் கை கழுவாமல் யோசித்தார்.

"வெள்ளியங்கிரி இருந்தா ஒரே ஏத்தத்துல முடிஞ்சுருமுங்க. ஆனா இப்ப சீசன் இல்லீங்களே, உடமாட்டாங்க. செரி, நம்ம பக்கம் மலைக்கா பஞ்சம்? நாளைக்கு மருதமலையில இருந்து ஆரம்பிக்கலாமுங்க."

"அது ரொம்பச் செங்குத்தா இருக்குமா?"

"அட, சும்மா அப்புடியே ஏறுனா வந்துருமுங்க."

இந்தப் பதிலை அந்த வாரம் முழுக்க நான் கேட்டேன். கொங்கு மக்களின் மரியாதையைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். எதற்கும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். ஆட்டை விரட்டும்போதுகூட "போங்க" என்று சொல்வார்களோ என்று சந்தேகம் வரும். ஆனால் அந்த மரியாதைக்கு இன்னொரு பக்கம் இருப்பது மலையில்தான் தெரியும். ஒருவரைக் கஷ்டப்படுத்தும் செய்தியை இவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். எவ்வளவு தூரம் என்றால் "பக்கந்தானுங்க." இன்னும் எத்தனை படி என்றால் "இந்தா, வந்துருச்சுங்க."

திங்கட்கிழமை மருதமலை. விடியற்காலையில் படிக்கட்டு ஆட்களால் நிறைந்திருந்தது. எங்கள் ஊரில் உடற்பயிற்சி என்றால் ஒரு சீருடை வேண்டும்; காலணி தனி, குளிர்பானம் தனி. இங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலில், கைபேசியில் வியாபாரம் பேசியபடி என்னைத் தாண்டிப் போனார்கள். பூக்கூடையோடு ஒரு அம்மாள் தாண்டிப் போனார். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அது கயல் வாங்கிக்கொடுத்தது. ஏறிய உயரம், இதயத் துடிப்பு எல்லாம் காட்டும், அப்படியே அவள் போனுக்கும் அனுப்பிவிடும். பார்க்கப் பார்க்க எண் நகரவே இல்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது, எனக்கு வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குகூட வந்திருக்கவில்லை. ஆனால் முழங்கால் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தது.

சென்னியப்பன் தரிசனத்தை முடித்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்ண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. மீட்டரையே பாத்துட்டு இருந்தா எந்த மோட்டாரும் நல்லா ஓடாதுங்க."

என் கையைப் பிடித்து, கடிகாரத்தின் மேல் தன் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார். இனி ஏறி முடித்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும் என்று உத்தரவு. ஊழியர்களிடமும் இப்படித்தான் மரியாதையாக உத்தரவு போடுவார் போலிருக்கிறது, மீற முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டறையில். உருகிய இரும்பை அச்சில் ஊற்றுவதைப் பார்த்தேன். நான் காலமெல்லாம் தொட்டு வேலை செய்த கட்டைகள், இப்படி ஆரஞ்சுச் சாறுபோல ஓடித்தான் பிறக்கின்றன என்பது அன்றுதான் தெரிந்தது. முன்பே வார்த்து வைத்திருந்த பன்னிரண்டு கட்டைகளை நிறுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஒதுக்க வேண்டியதில்லை. மலையின் உயரத்தை 'பக்கந்தானுங்க' என்று அளக்கும் மனிதர், இரும்பை இத்தனை துல்லியமாக வார்க்கிறார். இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை, புதிதாக வார்த்த கட்டைகள் ஆறட்டும் என்று விட்டுவிட்டு, அவருடைய பழைய காரில் தாராபுரம் தாண்டிக் கொண்டரங்கி மலைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் காற்றாலைகள். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, கேட்பாரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தாராபுரத்துக்கு முன்னாலேயே காரின் முன்பக்கத்தில் புகை. தண்ணீர் போகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது.

சிங்கப்பூராக இருந்தால் போன் செய்துவிட்டு ஓரமாகக் காத்திருப்போம். இங்கே நாங்கள் இறங்குவதற்குள் ஒரு மொபெட் நின்றது. "ஏனுங்க, என்னாச்சுங்க?" இன்னொரு பைக் நின்றது. ஒரு டிராக்டர் நின்றது. டிராக்டர்காரர் வீட்டுக்குப் போய் ஏதோ ஒரு குழாயைக் கொண்டுவந்தார். சென்னியப்பன் டேப்பை எடுத்து அளந்து, அறுத்து, மாட்டினார். மொபெட்காரர் அதற்குள் பக்கத்துத் தோப்பில் இளநீர் வெட்டி வந்திருந்தார். அரை மணி நேரத்தில் கார் கிளம்பியது. கிளம்பும்போது அந்த மூன்று பேரும் எங்களிடம்தான் நன்றி சொன்னார்கள். எதற்கென்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

கொண்டரங்கி, சமவெளியில் தனியாக நிற்கும் ஒரே பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் தரையில் நிறுத்தி வைத்த கூம்பு. கிட்டே போனால் பாறையில் வெட்டிய படியும், பிடித்துக்கொள்ளக் கம்பியும். அழகென்றால் அழகு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் காற்று என் சட்டைக்குள் புகுந்து என்னைப் பாறையிலிருந்து பெயர்க்கப் பார்த்தது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் சென்னியப்பனும் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு, வேட்டி தலைவரை பறக்க, திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"காத்து கொஞ்சம் அடிக்குதுங்க."

இறங்கிவிட்டோம். புதன் முடிந்துவிட்டது. வியாழன் பட்டறையில் கடைசி எடை. மிச்சம் வெள்ளி மட்டும். கயலுக்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். 'இதோ, அடுத்த வருஷம் கட்டாயம்' என்று ஆரம்பித்த வாக்கியம் என் குரலிலேயே எனக்குக் கசந்தது.

வியாழன் சாயங்காலம் மரகதம் சந்தகை பிழிந்தார். இடியாப்பம் மாதிரிதான், ஆனால் அவித்த மாவை அச்சில் போட்டு ஆள் பலத்தோடு அழுத்த வேண்டும். அதைத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுவது. கூடவே ஒரு கிண்ணம் கொள்ளு ரசம். "காலு வலிக்கு இதுதானுங்ண்ணா மருந்து, மூக்கப் புடிச்சிட்டுக் குடிச்சுப்போடுங்க" என்றார். மூக்கைப் பிடிக்கத் தேவையே இருக்கவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பொழுது சாய்வதற்குள் சென்னியப்பன் என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். தென்னைகளுக்கு நடுவே மூன்று இரும்புக் குழாய்கள் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டுக்கு மூடி போட்டிருந்தது.

"மூணு போருங்க. ஒண்ணொண்ணும் ஆயிரம் அடி. உங்க மலை எத்தனை அடிங்க?"

"கிட்டத்தட்ட மூவாயிரம்."

"அப்ப இந்த மூணையும் ஒண்ணுமேல ஒண்ணா நிறுத்துனா உங்க மலைங்க. ஆழத்துக்குப் போனா கெணறு, கவுத்து வெச்சா மலை. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

பம்புக்காரர் யோசனை அது. போரின் ஆழம் அதிகமானால் ஒரே பெரிய பம்பைப் போடமாட்டார்களாம். சின்னச் சின்ன விசிறிகளை அடுக்கடுக்காக மாட்டி, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மேலே தள்ளும்படி செய்வார்களாம். ஸ்டேஜ் என்று பெயர்.

"அன்னூருக்கு வடக்கால வேலாங்கரடுன்னு ஒரு முருகன் மலை இருக்குதுங்க. அடியில இருந்து கோயில் வரைக்கும் படி, சுமாரா ஆயிரம் அடி. மூணு தடவ ஏறுங்க. மூணு ஸ்டேஜுங்க. கணக்கு முடிஞ்சுது!"

ஒரே மலையை ஒரே நாளில் மூன்று முறை ஏறுவதா? திருமதி டானுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். ஏறியது கணக்கில் வரும், எத்தனை முறை என்பது உன் பாடு என்று பதில் வந்தது.

திரும்பும்போது மூடி போட்ட குழாய்களைப் பற்றிக் கேட்டேன். சென்னியப்பன் முதலில் சொல்லவில்லை. பிறகு மூடியைக் காலால் தட்டிக்கொண்டே சொன்னார். முதல் போரில் தண்ணீர் இல்லாமல் வெறும் கல்தூசிப் புகைதான் வந்ததாம். இரண்டாவதிலும் புகை. மூன்றாவது போடும்போது தென்னைகள் ஒவ்வொன்றாகத் தலை சாய ஆரம்பித்திருந்தன. அதிலும் ஈரம் தட்டவில்லை. நிறுத்திவிடச் சொல்லிவிட்டு இவர் போர் போடும் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாராம்.

"எங்கூட்டம்மாதானுங்க போர்க்காரங்ககிட்டப் போய், இன்னும் ரெண்டு ராடு போடுங்கன்னு சொன்னாங்க. ராடுன்னா தொளை போடுற கம்பி, ஒண்ணு இருவது அடிங்க. ரெண்டாவது ராடு பாதி எறங்கல, தண்ணி பீச்சிப்போட்டுது."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலாங்கரட்டின் அடியில் நின்றோம். கரடு என்றால் இவர்கள் பேச்சில் கல்லும் முள்ளுமான குன்று. ஆனால் இது குன்று இல்லை. படிகள் வளைந்து போகாமல், ஏணி சாத்தியதுபோல நேராக மேலே போயின. உச்சியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அதுதான் கோயில். சென்னியப்பன் என் கடிகாரத்தை ஓடவிட்டு, கைக்குட்டையைக் கட்டினார்.

முதல் ஏற்றம் சுகமாக இருந்தது. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. மேலே நின்று பார்த்தால் வடக்கே பவானிசாகர் அணையின் தண்ணீர் ஒரு தகடாக மின்னியது. கீழே வாழைத் தோட்டங்களும் சிவப்பு மண்ணும். எத்தனையோ கட்டடங்களின் மொட்டை மாடியிலிருந்து ஊரைப் பார்த்திருக்கிறேன். என் காலாலேயே ஏறிப் பார்த்த உயரம் என்று ஒன்று அதுவரை எனக்கு இருந்ததில்லை. இந்த வயதில் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன், வெட்கமில்லாமல்.

இரண்டாவது ஏற்றத்தில் சந்தோஷம் குறைந்தது. வெயில் ஏறியது. பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள், பக்கத்து நூல் மில்லில் வேலை செய்யும் வடநாட்டுக்காரர்கள், ரப்பர் செருப்போடு எங்களைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது ஒருவன் என்னைப் பார்த்து இந்தியில் ஏதோ சொல்ல, இன்னொருவன் சிரித்தான்.

"என்ன சொல்றாங்க?"

சென்னியப்பனுக்கு மில்காரர்களோடு பழகிக் கொஞ்சம் இந்தி வரும். "பெரியவர் உடாம ஏறுறாரு, பாராட்டணும்னு சொல்றாங்க."

அந்தச் சிரிப்பில் பாராட்டு எதுவும் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொண்டேன். அது இருபது படிக்குத் தாங்கியது.

மூன்றாவது ஏற்றத்தைப் பற்றி அதிகம் எழுத முடியாது, ஏனென்றால் அதிகம் ஞாபகமில்லை. கம்பியைப் பிடித்த கை மட்டும் ஞாபகம். "இந்தா வந்துருச்சுங்க" என்ற குரல், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. மேலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் "பக்கந்தானுங்க" என்றது. பூசாரிகூட எட்டிப் பார்த்து "அவ்வளவுதானுங்க" என்றார். அவ்வளவு பேரும் எனக்காகச் சொன்ன பொய்களின் மேல் கால் வைத்துத்தான் ஏறினேன். பன்னிரண்டே கால் மணிக்கு மூன்றாம் முறையாகக் கோயில் வாசலில் உட்கார்ந்தேன். சென்னியப்பன் கைக்குட்டையை அவிழ்த்தார்.

எண்ணூற்று அறுபத்தொன்று.

முப்பத்தொன்பது குறைகிறது. மேலே ஏற இனி மலை இல்லை. எப்படியும் இறங்கியாக வேண்டும்; இறங்கி, மிச்சத்தை அடியிலிருந்து மறுபடி ஏறினால்தான் உண்டு.

சென்னியப்பனின் முகம் சிறுத்துவிட்டது. "தப்பு என்னுதுங்க" என்றார். "எங்கூர்ல போர்க்காரங்க ஆயிரம் அடின்னு சொன்னா, அது தொள்ளாயிரத்திச் சொச்சந்தானுங்க இருக்கும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்டுக்கமாட்டோம். அதே வாய்ப்பழக்கத்துல உங்களுக்கும் சொல்லிப்போட்டேன்."

நான் பரவாயில்லை என்றேன். அப்படித் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது, அவர்மேலும் என்மேலும். இறங்கும்போது படிக்கொரு தரம் கம்பியைப் பிடித்து நின்றேன். அடிவாரத்தை அடைந்தபோது ஒரு மணி தாண்டிவிட்டது. இரண்டு மணிக்கு எட்டு மணி நேரக் கெடு முடிகிறது. மண்டபத்தின் கல் தரையில் மல்லாந்து படுத்துவிட்டேன். கண்ணை மூடினால் கயலின் காப்பிக் கிண்ணம் வந்தது. பதின்மூன்று மாடிதான் குறைகிறது என்று மூளை சொன்னது. பதின்மூன்று படிகூட முடியாது என்று கால் சொன்னது.

கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் சென்னியப்பன் இல்லை. தண்ணீர் வாங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். இருபது நிமிஷம் கழித்து வந்தார். சட்டை முழுக்க நனைந்து, மூச்சு இரைக்க, தோளில் எப்போதும் கிடக்கும் பச்சைத் துண்டு இல்லாமல் வந்தார். கையில் டேப்பு.

"ஏனுங்ண்ணா, மேல பாருங்க."

படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில், நன்றாக மேலே, ஒரு பச்சைத் துண்டு காற்றில் படபடத்தது.

"ஒரு படி ஆறு அங்குலமுங்க, அளந்தேன். இருநூத்தி எம்பது படி, எண்ணிட்டுப் போய்த்தானுங்க கட்டிட்டு வந்தேன். ராடுக் கணக்குல ஏழு ராடு." மூச்சு வாங்கினார். "பக்கமில்லீங்க. தூரந்தான். நெம்பச் செங்குத்து. உங்க காலு நடுங்குறது எனக்கே தெரியுதுங்க. ஏறுனா நாளைக்கு நடக்கவே முடியாம போனாலும் போகும். வேண்டாம்னா இப்பவே ஊட்டுக்குப் போயிரலாமுங்க, உங்கள யாரும் ஒண்ணுஞ் சொல்லமாட்டாங்க."

ஒரு வாரமாக இந்த மனிதர் என்னிடம் சொன்னதெல்லாம் இனிப்பு. முதல் முறையாக ஒரு கசப்பைக் கையில் கொடுக்கிறார். அதையும் தானே நாலாவது முறை ஏறி, அளந்து கொண்டுவந்து கொடுக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் முழுக்க வியர்வையாக இருந்ததால் சமாளித்துக்கொண்டேன். எழுந்து நின்றேன்.

அந்த இருநூற்று எண்பது படியை நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். அவர் பின்னால் வந்தார், ஒரு வார்த்தை பேசாமல். வந்துருச்சு என்று சொல்லவில்லை. நூற்று நாற்பதில் உட்கார்ந்தேன், காத்திருந்தார். இருநூற்றுப் பத்தில் கம்பியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன்; காத்திருந்தார். தூரம் எவ்வளவு என்று நிஜமாகத் தெரிந்திருந்தால் காலும் ஒரு மாதிரி ஒத்துக்கொள்கிறது. இரண்டு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது துண்டைத் தொட்டேன்.

கைக்குட்டையை நானே அவிழ்த்தேன். தொள்ளாயிரத்து மூன்று.

"மூணு கூட இருக்கே" என்றேன்.

"ஆறரை ராடு போதுங்க. ஏழாக் கட்டுனேன்" என்றார் சென்னியப்பன், கீழ்ப்படியில் சரிந்து உட்கார்ந்துகொண்டே. "எங்கூரு அளவ நம்பக் கூடாதுங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்தால் வயிறு வலித்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. கயல். கடிகாரம் அவளுக்கு எண்ணை அனுப்பியிருக்கும். எடுத்தால் ஒரு பெரிய கத்தல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அலுவலகத்திலிருந்து மெதுவாகப் பேசினாள்.

"எங்கப்பா இருக்க?"

என் வாய் தன் பழைய பதிலுக்குத் தயாராகிவிட்டது. இறங்கிட்டேன்ம்மா, கார் பக்கத்துலதான் நிக்கறேன். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே பச்சைத் துண்டு படபடத்துக்கொண்டிருந்தது.

"தூரத்துல இருக்கேன்மா" என்றேன். "படிக்கட்டுல உட்கார்ந்திருக்கேன். கால் ரெண்டும் நடுங்குது. கீழ போக இன்னும் இருநூத்தி எண்பது படி இருக்கு. எப்படி இறங்கப்போறேன்னு தெரியல."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தமும், கதவு சாத்தும் சத்தமும் கேட்டன.

"சரிப்பா" என்றாள். "மெதுவா இறங்கு. நான் லைன்லயே இருக்கேன்."

சென்னியப்பன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண் சொன்னேன். இருநூற்று எண்பது வரை அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.